சரக்கு விமானத்தில் லோடு எப்படி ஏற்றுகிறார்கள்? ஒரு லாரிக்காரனின் சந்தேகம்

தக்காளி வண்டி (ராயக்கோட்டை):

எல்லோருக்கும் வணக்கம். சொந்தமாக ஒரு ஈச்சர் வைத்து ஓட்டுகிறேன். ராயக்கோட்டை மண்டியிலிருந்து தக்காளி, சீசனில் கிருஷ்ணகிரி மாங்காய், மற்ற நாளில் கிடைத்த லோடு. போன வாரம் தேவனஹள்ளிப் பக்கம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது எலஹங்கா ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் ஓரமாக டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன். அப்போது சாம்பல் நிறத்தில் ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கியது. றெக்கை உடம்புக்கு மேலே, அந்த றெக்கைக்கும் மேலே இரண்டு என்ஜின், பெரிய பெரிய புரொபல்லர். பின்னால் கரும்புகை வேறு. "அண்ணா, இதுல ஜீப்பு, ஜெனரேட்டர் எல்லாம் ஏத்துவாங்களாம்" என்றான் கிளீனர் பையன்.

அன்றிலிருந்து ஒரே யோசனை. எங்களுக்கு எடை மேடை இருக்கிறது, ஆக்சில் கணக்கு இருக்கிறது. லோடு கொஞ்சம் பின்னால் போனால் ஸ்டியரிங் லேசாகிவிடும், கையிலேயே தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் கட்டுவது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது என் முன்னால் போன கிரானைட் வண்டியில் பட்டை அறுந்து, பலகை கேபினைத் தொட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். டிரைவர் பிழைத்தது அவன் குலசாமி புண்ணியம். தரையில் ஓடுகிற வண்டிக்கே இந்தக் கதி என்றால், மேலே குலுங்குகிற விமானத்தில் எதை நம்பிக் கட்டுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யூடியூப் வீடியோ அனுப்ப வேண்டாம், நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் பாட்டுதான் ஓடுகிறது, விஷயம் ஒன்றும் இல்லை.


பழைய லோடுமாஸ்டர் (பாலக்கோடு):

தம்பி, நீங்கள் பார்த்தது ஏஎன்-32, நம் விமானப்படையின் சரக்கு விமானம். றெக்கைக்கு மேலே என்ஜின் என்று சொன்னதுமே தெரிந்துவிட்டது. நான் அதில்தான் லோடுமாஸ்டராக, அதாவது சரக்கை ஏற்றிக் கட்டுவதற்குப் பொறுப்பானவனாக இருந்தேன். சண்டிகர், ஜோர்ஹாட், கடைசியில் சூலூர். இப்போது ஊரில் நாலு தென்னையும் ஒரு மாடும். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எடை. மொத்த எடையை விட, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எங்கள் தலைவலி. எங்கள் ஊர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுத்துப் போகும் டிராக்டர் மேட்டில் ஏறும்போது முன்சக்கரத்தைத் தூக்குமே, அந்த வியாதிதான் விமானத்துக்கும். பின்னால் கனம் அதிகமானால் மூக்கு தானாக மேலே போகும், பைலட் அழுத்திப் பிடித்தாலும் அடங்காது, வேகம் குறைந்து றெக்கை தூக்குவதை நிறுத்திவிடும். முன்னால் கனம் அதிகமானால் ஓடுதளம் முடியும்வரை ஓடினாலும் மூக்கு எழும்பாது.

அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் எடையையும், ஒரு குறித்த இடத்திலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பெருக்கிப் போடுவோம். எல்லாவற்றையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் பாரத்தின் மையம் கிடைக்கும். கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். 25 டன் நிற்கிற விமானத்தில் 1 டன் பெட்டியை 3 மீட்டர் பின்னால் தள்ளினால், மையம் 12 சென்டிமீட்டர் நகரும். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஏஎன்-32 மாதிரி விமானத்தில் முன்னும் பின்னும் சேர்த்து அந்த மையம் நகர அனுமதியே சில பத்து சென்டிமீட்டர்தான். ஒரு பெட்டி தப்பான இடத்தில் இருந்தால் அந்த அனுமதியில் ஒரு நல்ல பங்கு போய்விடும். உங்களுக்கு ஸ்டியரிங்கில் தெரியும் என்றீர்கள். எங்களுக்கும் தெரியும்தான், ஆனால் சக்கரம் தரையை விட்ட பிறகு தெரிந்து என்ன பயன்? எல்லாம் பேப்பரில் முடிந்த பிறகுதான் என்ஜினே ஓடும்.

ஏற்றும்போதே வேறு ஒரு ஆபத்தும் உண்டு. கனமான வண்டி பின்கதவு வழியாக ஏறும் அந்தச் சில நிமிடம் முழுப் பாரமும் வால் பக்கம்தான் இருக்கும். விமானம் பின்னால் குந்திவிடாமல் இருக்க வாலுக்கு அடியில் முட்டு கொடுப்போம். புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த முட்டைத்தான்.

இப்போது கட்டுவது. உங்கள் கிரானைட் வண்டியில் பட்டை அறுந்ததற்குப் பெரும்பாலும் பட்டையைக் குறை சொல்ல முடியாது. எந்தக் கோணத்தில் கட்டினான் என்று பாருங்கள். விமானத்தில் தரை முழுக்க வளையங்கள் பதித்திருக்கும். சரக்கு முன்னால் பாய்வதைத் தடுக்க அதன் எடையைப் போல 3 மடங்கு விசையைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது அமெரிக்க ராணுவ விமானங்களில் நெடுங்காலமாக இருக்கும் அளவு. பின்பக்கமும் பக்கவாட்டிலும் 1.5 மடங்கு, மேல்நோக்கி 2 மடங்கு. மேலே எதற்கு என்று கேட்பீர்கள். காற்றுக்குழியில் விமானம் சடாரென்று கீழே போகும்போது சரக்கு கூரைக்குப் போகப் பார்க்கும், அதற்குத்தான்.

2 டன் ஜெனரேட்டர் என்று வையுங்கள். முன்பக்கம் மட்டும் 6 டன் பிடிமானம் தேவை. கையில் 4.5 டன் தாங்கும் சங்கிலி இருக்கிறது, இரண்டு போட்டால் 9 டன், தாராளம் என்று நினைப்பான் புதியவன். ஆனால் சங்கிலி நேராக முன்னோக்கியா இருக்கிறது? தரையிலிருந்து 30 டிகிரி எழும்பி, பக்கவாட்டிலும் 30 டிகிரி விலகி நிற்கிறது. அப்படி நின்றால் அதன் பலத்தில் நான்கில் மூன்று பங்குதான் முன்பக்கத்துக்கு வேலை செய்யும். ஒரு சங்கிலிக்கு 3.4 டன்கூட வராது. இரண்டும் சேர்ந்து 6.75, தேவைக்குச் சற்று மேலே. அதே சங்கிலியை இடம் இல்லை என்று செங்குத்தாகக் கட்டினால் முன்பக்கத்துக்கு ஏறக்குறைய பூஜ்யம். லாரியில் நம்மவர்கள் கயிற்றை மேலே போட்டு அழுத்திக் கட்டுகிறோமே, அது கீழ்நோக்கி அழுத்துவதுதான். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போட்டால் அதற்கு அங்கே வேலை கிடையாது.

கட்டு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த சாட்சி உண்டு. 2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தானின் பாக்ராம் தளம். 5 கவச வாகனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு 747 சரக்கு விமானம் எழும்பியது. மேலே போகும்போதே குறைந்தது ஒரு வாகனம் கட்டு விட்டுப் பின்னால் ஓடி, வால் பக்கத்து இயந்திரத்தை உடைத்துவிட்டது. மூக்கு மேலே தூக்கியது, விமானம் அப்படியே சரிந்து விழுந்தது. அதில் இருந்த 7 பேரும் போய்விட்டார்கள். அதன் வீடியோவை எங்கள் வேலையில் இருக்கிற எவனும் இரண்டாம் தடவை பார்க்க விரும்பமாட்டான்.

ஏஎன்-32-இல் எனக்குப் பிடித்த விஷயம் அதன் பின்கதவு. சாய்வாக இறக்கினால் ஜீப் ஓட்டி ஏற்றலாம். அதே கதவை அப்படியே உடம்புக்கு அடியில் முன்னால் தள்ளிவிடலாம். அப்போது உங்கள் ஈச்சரை ரிவர்ஸில் கொண்டுவந்து, பாடியை விமானத்தின் தரையோடு ஒட்டி நிறுத்தி நேராக மாற்றலாம். கூரையில் ஓடும் தூக்கியும் உண்டு. கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ இல்லாத ஊரில் இறங்க வேண்டும் என்று யோசித்துச் செய்தவன் செய்த வேலை அது. றெக்கை மேலே இருப்பதும் இதனால்தான். அது கீழே இருந்தால் தரை உயரும், தரை உயர்ந்தால் ஏணி வேண்டும்.

ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலத்துக்குள் விஜயநகர் என்று ஓர் ஊருக்குப் போவோம். ரொம்ப காலம் அந்த ஊருக்கு வண்டிச் சாலை கிடையாது. உப்பு, அரிசி, தகரம், சிமெண்ட், கர்ப்பிணிகள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் எல்லாம் விமானத்தில்தான். ஒரு நடையில் ஆடுகளை ஏற்றினோம். ஆட்டை என்ன சங்கிலி போட்டாலும் அது நிற்கிற இடத்தில் நிற்காது தம்பி. வலையால் அடைத்து, மொத்த மந்தையும் ஒரு பக்கம் சாய்ந்தாலும் கணக்குக்குள் இருக்கும்படி நடுவில் வைத்தோம். இறங்கிய பிறகு விமானத்தைக் கழுவியதுதான் பெரிய வேலை.


அரூர் பையன்:

ஐயா, அருமையாகச் சொன்னீர்கள். நான் விமானப்படையின் அக்னிவீர் வாயு தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு சந்தேகம். இந்தக் காலத்தில் எதற்கு இன்னும் புரொபல்லர்? எல்லாவற்றையும் சி-17 மாதிரி ஜெட் ஆக்கிவிட்டால் வேகமாகப் போகலாமே? ஏஎன்-32 வந்து 40 வருடம் ஆகிவிட்டது. தாம்பரத்திலிருந்து போன ஒன்று கடலில் காணாமல் போனதும் இதே ரகம்தானே? தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.


பழைய லோடுமாஸ்டர் (பாலக்கோடு):

தப்பே இல்லை தம்பி. தேர்வுக்குப் படிக்கிறவன் கேட்க வேண்டிய கேள்விதான்.

சரக்கு விமானத்துக்கு வேகம் ஒரு பெரிய விஷயமே இல்லை. எந்த ஊரில் இறங்க வேண்டும், அங்கிருந்து எப்படித் திரும்ப எழும்ப வேண்டும் என்பதுதான் அதன் உருவத்தைத் தீர்மானிக்கிறது. நம் நாட்டில் இது இன்னும் கண்கூடு. நாம் வாங்கிய, திருத்திய முக்கியமான சரக்கு விமானம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மலை ஓடுதளம் இருக்கிறது.

டகோட்டா என்ற பழைய சரக்கு விமானத்திலிருந்து தொடங்குகிறேன். 1947 அக்டோபர் 27, ஸ்ரீநகரில் முதல் சீக் படைப்பிரிவை இறக்கியது அதுதான். அடுத்த வருடம் மே 24 அன்று விமானப்படை அதிகாரி மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு லே-யில் போய் இறங்கினார். சோனம் நோர்பு என்ற லடாக் இன்ஜினியர் ஆற்றங்கரையில் சமன்செய்து போட்ட மண் தளம், 10,000 அடிக்கு மேலே. டகோட்டாவில் காற்றழுத்த அறை கிடையாது. நல்ல விமானம்தான், ஆனால் லோடு ஏற்றுகிறவன் கண்ணால் பாருங்கள். வால் சக்கரம் உள்ள விமானம், தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்து இருக்கும். பக்கவாட்டுக் கதவில் ஏற்றி, சரிவான தரையில் மேட்டை நோக்கித் தள்ள வேண்டும். ஜீப் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும்.

அதற்கு அடுத்து பாக்கெட் என்ற அமெரிக்க சரக்கு விமானம். தரை சமம், பின்பக்கம் முழுதாகத் திறக்கும். வால் இரண்டு தண்டுகளில் தனியாக நிற்கும், லாரி நேராகப் பின்னால் வரலாம். ஆனால் அந்தப் பின்கதவைப் பறக்கும்போது திறக்க முடியாது. பெரிய பொருளைப் போட வேண்டுமானால் கதவையே கழற்றி வைத்துவிட்டுப் பறக்க வேண்டும். என்ஜினும் பழைய பிஸ்டன் ரகம், மலை உயரத்தில் மூச்சு வாங்கும். நம்மவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதன் முதுகில் ஒரு சின்ன ஜெட் என்ஜினை ஏற்றி வைத்தார்கள். அந்தக் கோலத்தில்தான் 1962 ஜூலை 23 அன்று லடாக்கின் வடகோடியில் இருக்கும் தௌலத் பேக் ஓல்டியில் இறங்கினார்கள். 16,614 அடி. நான் சேர்ந்தபோது பாக்கெட் காலம் முடிந்திருந்தது, ஆனால் அதில் பறந்த ஒரு பெரியவரிடம் கதை கேட்டிருக்கிறேன். அந்த ஜெட் வேலை செய்யும்வரை எல்லோரும் சாமி கும்பிட்டுக்கொண்டு இருப்பார்களாம்.

அதே வருடம் அக்டோபரில் சீனப் போர். லடாக்கின் சுஷூலுக்கு 6 ஏஎம்எக்ஸ்-13 டாங்குகளை ஏஎன்-12 என்ற நாலு என்ஜின் சரக்கு விமானத்தில் கொண்டு போனார்கள். ஒவ்வொன்றும் சுமார் 15 டன். அந்த உயரத்தில் டாங்கை விமானத்தில் இறக்க முடியும் என்று அதுவரை இங்கே யாரும் செய்து காட்டியதில்லை.

இப்போது உன் புரொபல்லருக்கு வருகிறேன். 16,600 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். அதே எடையைத் தூக்க வேண்டுமானால் விமானம் தரையில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு அதிக வேகத்தில் ஓட வேண்டும். என்ஜினோ அங்கே பலம் குறைந்து கிடக்கும். ஓடுதளம் மண்ணும் சரளையும். இது மூன்றும் சேர்ந்த இடத்தில் டர்போபிராப், அதாவது டர்பைனால் புரொபல்லரைச் சுற்றும் என்ஜின்தான் கெட்டிக்காரன். மெதுவான வேகத்திலேயே நிறையக் காற்றைப் பின்னால் தள்ளும், அந்தக் காற்று றெக்கை மேல் ஓடிக் கூடுதலாகத் தூக்கும். இறங்கியதும் பிளேடைத் திருப்பினால் பிரேக் மாதிரி இழுத்துப் பிடிக்கும். பெரிய ஜெட் என்ஜின் கல்லை உறிஞ்சினால் முடிந்தது கதை.

ஏஎன்-32 பிறந்ததே இதற்காகத்தான். அதன் அண்ணன் ஏஎன்-26-இல் என்ஜினுக்கு 2,820 குதிரைத்திறன். அதே உடம்பில் 5,180 குதிரைத்திறன் என்ஜினை வைத்தார்கள். ஏஎன்-12-இல் நான்கு இருந்ததே, அந்தக் குடும்பத்து என்ஜின். அதற்கு 4.7 மீட்டர் விட்டமுள்ள புரொபல்லர் வேண்டும். றெக்கைக்குக் கீழே வைத்தால் தரையைத் தொடும், அதனால் றெக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். ராயக்கோட்டைத் தம்பி பார்த்த அந்த விநோத முகத்துக்குக் காரணம் இது. 1976-இல் முதலில் பறந்தது, 1984-இல் நமக்கு வந்தது, நூற்றுக்கும் மேல் வாங்கினோம். இமயமலைப் பள்ளத்தாக்கில் ஒரு என்ஜின் நின்றுபோனாலும் மற்றொன்றை வைத்து மேலேறி வெளியே வர வேண்டும் அல்லவா, அதற்குத்தான் அவ்வளவு பலம்.

பேப்பரில் அது 6.7 டன் தூக்கும். லே-க்கும் அதற்கு மேலேயும் போகும்போது அந்த எண்ணை மறந்துவிட வேண்டும். பாதிகூட ஏற்ற முடியாத நாள் உண்டு. வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும், அதனால் அங்கே எல்லாமே விடியற்காலை வேலை. பதினோரு மணிக்கு மேல் லே-யில் நிற்கிற விமானத்தைப் பார்த்தால் எங்களுக்கே வயிறு கலங்கும்.

1960களில் கைவிடப்பட்ட தௌலத் பேக் ஓல்டியில் 2008 மே 31 அன்று மறுபடி போய் இறங்கியதும் ஒரு ஏஎன்-32-தான். 2013 ஆகஸ்ட் 20 அன்று அங்கே சி-130ஜே என்ற நாலு புரொபல்லர் அமெரிக்க சரக்கு விமானம் இறங்கியது, உலகமெல்லாம் செய்தி வந்தது. சந்தோஷம்தான். ஆனால் ஐந்து வருடம் முன்னாடியே நம்ம பழைய குதிரை போய்விட்டு வந்ததை டிவிக்காரன் ஒருவனும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

சி-17 வேறு ரகம். 77 டன் வரை தூக்கும். பெரிய டாங்கை ஏற்றிக்கொண்டு போய் லே-யில் இறக்கும். அதில் பைலட் இரண்டு பேர், லோடுமாஸ்டர் ஒருவர், மூன்று பேர் போதும். அதன் ஜெட் ரிவர்ஸ் போட்டால் காற்று மேல்நோக்கித்தான் போகும், தூசி கிளம்பாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த ரிவர்ஸிலேயே விமானம் பின்னால் நகரும், இழுவை வண்டி தேவையில்லை. எல்லாம் சரி. ஆனால் நம்மிடம் இருப்பதே 11. அருணாசலத்து மெசூக்கா மாதிரி சின்ன மலைத் தளத்தில் 4 டன் அரிசி இறக்க அதை அனுப்புவார்களா?

தாம்பரம் பற்றிக் கேட்டாய். 2016 ஜூலை 22, போர்ட் பிளேருக்குக் கிளம்பியது, 29 பேர். 2024 ஜனவரியில்தான் சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் உடைந்த பாகங்கள் தெரிந்தன. கரையிலிருந்து சுமார் 140 நாட்டிகல் மைல், 3,400 மீட்டர் ஆழம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.


ஓசூர் லேத்து (சிப்காட்):

ஐயா சொன்னதற்கு இடையில் நுழைகிறேன், மன்னிக்கணும். நான் ஓசூரில் விமான உதிரிபாகம் செய்கிற ஒரு சின்ன பட்டறையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுமினியத் துண்டை நாள் முழுக்க அளந்துகொண்டு இருப்பவள்.

நம்ம நாட்டில் இந்த ரக விமானமே செய்யவில்லை என்று பலபேர் நினைக்கிறார்கள். கான்பூரில் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் கூட்டிய முதல் அவ்ரோ விமானம் 1961 நவம்பர் 1 அன்றே பறந்தது. மொத்தம் 89 செய்தார்கள். பிரிட்டிஷ் வடிவமைப்புதான், ஆனால் செய்தது நம்மவர்கள். அதன் குறை, ஐயா சொன்ன அதே பின்கதவு விஷயம். அது பயணிகள் விமானமாகப் பிறந்தது. பக்கவாட்டில் பெரிய சரக்குக் கதவு வெட்டினார்களே தவிர, பின்னால் சாய்வுக் கதவு வைக்கவில்லை.

அந்த அவ்ரோவின் முதுகில் சுழலும் ரேடார் தட்டை ஏற்றி, வானிலிருந்து கண்காணிக்கும் விமானம் செய்து பார்த்தார்கள். 1999 ஜனவரி 11 அன்று அரக்கோணம் அருகே அது விழுந்து 8 பேர் இறந்தார்கள், விஞ்ஞானிகளும் சேர்த்து. திட்டமே நின்றுபோனது. பிறகு பெங்களூரு ஆய்வகம் பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் ஜெட்டின் முதுகில் நீளமான ரேடாரை வைத்து நேத்ரா என்று செய்தது. 2017-இல் படைக்கு வந்தது. நடுவில் போன வருடங்களை யாரும் திருப்பித் தர முடியாது.

இப்போது அவ்ரோவுக்குப் பதிலாக சி-295 என்ற சரக்கு விமானம். 2021 செப்டம்பரில் 56-க்கு ஒப்பந்தம். 16 ஸ்பெயினின் செவில்லில் இருந்து, 40 வதோதராவில் டாட்டா ஆலையில். தனியார் ஆலை ஒன்று ராணுவ விமானத்தை முழுதாகக் கூட்டுவது இந்தியாவில் இதுதான் முதல் தடவை. சி-130ஜே-யின் வால் பகுதியோ பல வருடமாக ஹைதராபாத்தில் செய்துதான் அமெரிக்காவுக்குப் போகிறது. எங்கள் ஓசூர் பக்கத்தில் பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனம் 1990களிலேயே இத்தாலி நாட்டு ஆறு பேர் விமானத்தைச் செய்தது. அந்த ஓடுதளம் இன்னும் இருக்கிறது, தளி ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. சி-295 வந்தால் ஏஎன்-32-க்கும் அதுவே மாற்று ஆகிவிடுமா?


தக்காளி வண்டி (ராயக்கோட்டை):

ஐயா, அந்த 30 டிகிரி கணக்கை எங்கள் ஸ்டாண்டில் சொன்னேன். இரண்டு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள், ஒருவர் அன்றைக்கே முன்பக்கக் கொக்கி வெல்டிங் வைக்கப் போய்விட்டார்.

இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். பறந்துகொண்டு இருக்கும்போதே ஜீப்பைப் பாராசூட்டில் தள்ளுகிறார்களே, அந்த நேரம் பாரத்தின் மையம் என்ன ஆகும்? நீங்கள் சொன்ன கணக்குப்படி, பெட்டி பின்னால் ஓடுகிற நேரம் மூக்கு தூக்க வேண்டுமே?


பழைய லோடுமாஸ்டர் (பாலக்கோடு):

முதலில் ஓசூர் அம்மாவுக்கு. ஆகாது என்பதுதான் என் கருத்து. சி-295 நல்ல விமானம், சாய்வுக் கதவு உண்டு, எரிபொருள் குறைவு, மின்னணுக் கருவிகள் எல்லாம் புதுசு. சமவெளிக்கும் தீவுகளுக்கும் அருமை. ஆனால் அதன் என்ஜின் ஒவ்வொன்றும் 2,645 குதிரைத்திறன், ஏஎன்-32-இல் இருப்பதில் பாதி. உயரமான மலைத் தளத்தில் அந்த வித்தியாசத்தை எந்தக் கம்ப்யூட்டரும் ஈடுகட்டாது. விமானப்படைக்கும் இது தெரியும். 2022 டிசம்பரில் 18 முதல் 30 டன் வரை தூக்கும் விமானத்துக்குத் தகவல் கேட்டுக் கம்பெனிகளுக்கு எழுதினார்கள். சி-130ஜே, பிரேசிலின் சி-390, ஐரோப்பாவின் ஏ400எம் மூன்றும் களத்தில் இருக்கின்றன. சி-390 ஜெட், மற்ற இரண்டும் டர்போபிராப். எதை எடுத்தாலும் சின்ன மண் தளத்தில் 5 டன்னோடு இறங்கும் வேலைக்கு அது பெரிய உடம்பு. அந்த இடைவெளியை எதை வைத்து நிரப்பப் போகிறார்கள் என்று பார்க்கத்தான் நான் பேப்பர் வாங்குகிறேன்.

அப்புறம் ராயக்கோட்டைத் தம்பி. மூக்கு தூக்கும். சரியாகப் பிடித்தீர்கள்.

ஆக்ராவில் இருக்கும் டிஆர்டிஓ-வின் (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) பாராசூட் ஆய்வகம், கனமான சரக்கைப் போட பி-7 என்று ஒன்று செய்திருக்கிறது. 7 டன் வரை ஏற்றலாம், ஐஎல்-76 என்ற பெரிய ஜெட் சரக்கு விமானத்திலிருந்து போடுவது. ஜீப்பை நேராகத் தள்ளுவதில்லை. ஒரு மேடையில் கட்டி, மேடையைத் தரையில் இருக்கும் உருளைகள் மேல் நிறுத்தி, பூட்டுப் போட்டிருப்பார்கள். நேரம் வந்ததும் ஒரு சின்ன பாராசூட் வெளியே போய்க் காற்றைப் பிடிக்கும். பூட்டு விடுபட்டதும் அதுவே மேடையை இழுத்துக்கொண்டு போகும். வெளியே போன பிறகு வேகத்தைக் குறைக்கும் பாராசூட்டுகள், அதன் பின் பெரிய குடை ஐந்து விரியும்.

மேடை பின்னால் ஓடுகிற அந்தச் சில விநாடியில் மையம் வால் பக்கம் பாயும். பைலட் அதை எதிர்பார்த்துக் கைப்பிடியை முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பார். மேடை விளிம்பைத் தாண்டியதும் 7 டன் ஒரே அடியாகக் காணாமல் போகும், மூக்கு இப்போது கீழே போகப் பார்க்கும், உடனே திருப்பி இழுக்க வேண்டும். சின்ன பாராசூட் எதற்கு என்றால் இதற்குத்தான். மேடை மெதுவாக உருண்டால் வால் கனமாக இருக்கும் நேரம் நீண்டுவிடும். எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது.

எங்களுக்கு இதில் பெரிய பயம் பாதியில் மாட்டிக்கொள்வது. பாராசூட் விரிந்துவிட்டது, மேடை நடுவழியில் நின்றுவிட்டது என்றால், விமானத்தை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி ஆகிவிடும். அதனால் இழுக்கும் கயிற்றை அறுத்துவிட ஏற்பாடு இருக்கும். லோடுமாஸ்டரின் கண் அந்த நேரம் முழுக்க அதில்தான். ஏஎன்-32-இல் நாங்கள் போட்டது பெரும்பாலும் சின்ன மூட்டைகள். ரேஷன், மண்ணெண்ணெய், சியாச்சின் பக்கம் குளிர்காலச் சாமான். பின்கதவைத் திறந்ததும் வருகிற காற்றில் மூக்கிலிருந்து வடிவது அப்படியே உறைந்துவிடும். ராணுவத்துப் பையன்கள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு மூட்டையைத் தள்ளுவார்கள், பச்சை விளக்கு எரியும்போது மட்டும். பள்ளத்தாக்கு குறுகலாக இருப்பதால் ஒரு சுற்றில் நாலைந்து மூட்டைதான் போகும், மறுபடி வட்டமடிக்க வேண்டும்.

ஸ்டாண்டில் சண்டை போடுகிற அந்த இரண்டு பேரிடம் சொல்லுங்கள். பட்டை எத்தனை டன் என்று அதன் மேலேயே ஒரு சின்ன துணி லேபிளில் அச்சிட்டிருக்கும். லேபிள் கிழிந்துபோன பட்டையை நாங்கள் தூக்கிப் போட்டுவிடுவோம், எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும். கிரானைட்டுக்கு முன்பக்கம் மரக்கட்டை அடித்து முட்டு வைத்துவிட்டு அதற்கு மேல் சங்கிலி போடச் சொல்லுங்கள். கட்டை இல்லாத சங்கிலி முதல் பிரேக்கிலேயே முழு அடியையும் வாங்கிவிடும். எந்த அளவில் கொக்கி வைப்பது என்பதில் சந்தேகம் இருந்தால் வண்டி தரை நீளம், அகலம், வழக்கமாக ஏற்றும் எடை மூன்றையும் இங்கே போடுங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.